கிலோக் கணக்கில் விற்காதீர்கள்



பதிவு கொஞ்சம் நீளம்தான். கராஜ் வைத்திருப்பவர்களும், வீட்டு மூலையில் ஒரு உரப்பை நிறையப் பழைய சாமான் வைத்திருப்பவர்களும் பொறுமையாக வாசித்துக்கொள்ளுங்கள்.

சென்ற பாடசாலை விடுமுறையில், எங்களிடம் படித்த ஒரு தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய வாப்பா மோட்டார் சைக்கிள் திருத்துபவர். மவுத்தாகி ஒரு வருடம் கழிந்துவிட்டது. வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டில்தான் கராஜ். உள்ளே கால் வைக்க இடமில்லை. ஸ்பேனர்கள் உரப்பைக்குள், நட்டும் போல்ட்டும் ஒரு வாளிக்குள், டயரும் டியூப்பும் நிலத்தில்.

“பழைய இரும்புக்காரர் நாளைக்கு வாராராம் சேர். எல்லாத்தையும் கிலோக் கணக்குல எடுப்பாராம்” என்றார் தம்பி.

வாப்பா ஆயுசு முழுக்க ஒவ்வொன்றாகச் சேர்த்த ஆயுதங்கள் அவை. தராசுக்கு நல்ல ஸ்பேனரும் ஒன்றுதான், அறுந்த சங்கிலியும் ஒன்றுதான்.

அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. 2022இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். அந்த ஒரு வருடத்தில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். இந்தத் தம்பிக்கும் கட்டார் யோசனை. ஆனால் “ஏன் விற்கிறீங்க?” என்று கேட்டபோது அவர் சொன்ன காரணம் வேறு.

“தேடி எடுக்க ஏலாது சேர். ஒரு பதினாலாம் நம்பர் ஸ்பேனர தேடுறதுக்குள்ள வந்த ஆள் அடுத்த கராஜுக்குப் போயிடுறார்.”

தொழில் தெரியாமலில்லை. ஆயுதம் இல்லாமலுமில்லை. இருப்பதை அடுக்கி வைக்க ஒரு இறாக்கை இல்லை, அவ்வளவுதான். புதிய இரும்பு இறாக்கைக்கு விலை கேட்டிருக்கிறார். கேட்டதோடு சரி.

அதே வாரம் அடுத்த ஒழுங்கையில் ஒரு பழைய வீட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மகளுக்குப் புது வீடு கட்ட வேண்டும், அதனால் பழையது போகிறது. நம் ஊர்களில் இது வாராவாரம் நடப்பதுதானே. கைமரம், சிலாகை, யன்னல் கதவு எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. கொஞ்சம் விறகுக்கு, மிச்சம் டிரெக்டரில் ஏற்றிக் கொட்டுவதற்கு. வீட்டுக்காரரிடம் கேட்டோம். சிறு தொகை வாங்கிக்கொண்டு தந்துவிட்டார். தெரிந்த ஓடாவி காக்கா ஒருவர் வந்து உளியால் ஒரு மரத்தைச் சுரண்டிப் பார்த்தார்.

“இது முதிரைடா தம்பி. இத எரிக்கிறதா?”

கடைசியில் தம்பி பழைய இரும்புக்காரரிடம் பொறுக்கச் சொன்னார். மூன்று நாள் வேலை. கைமரங்கள் கால்களாகவும் சட்டங்களாகவும் மாறின. யன்னல் கதவுகள் தட்டுகளாயின. ஒரு பழைய அறைக் கதவைச் சுவரில் பொருத்தி, ஆணி அடித்து, ஸ்பேனர்களைத் தொங்கவிட்டோம். ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் உருவத்தைப் பெயின்டால் வரைந்தோம். மாலையில் எது திரும்பி வரவில்லை என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இரவல் போன ஆயுதம் அமானிதம் என்பதை வாங்கிப் போனவருக்கு அந்த வெறும் உருவமே ஞாபகப்படுத்தும். பால்மாப் பேணிகளில் நட்டு, போல்ட். எஸ்லோன் பைப் துண்டுகளில் ஸ்குரூ டிரைவர். பெயின்ட் வாளிகளில் பழைய கேபிள்கள். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதி ஒட்டினோம்.

புதிதாக வாங்கியது ஸ்குரூ, சில போல்ட், ஒரு டின் பெயின்ட். ஓடாவி காக்காவுக்கு அவருடைய முழு நாட் கூலி. இதை அழுத்திச் சொல்கிறோம். பழைய மரம் மலிவாகக் கிடைக்கலாம், அதற்காக மனிதனின் உழைப்பை மலிவாகக் கேட்கக்கூடாது.

செய்ய நினைப்பவர்களுக்கு நாங்கள் கற்றுக்கொண்ட சில விடயங்கள்.

பழைய மரத்தில் கைவைக்க முன் ஆணிகளை எல்லாம் பிடுங்குங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஆணியை ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். அடித்தட்டு நிலத்திலிருந்து ஒரு அடியாவது உயர்ந்திருக்கட்டும். மாரி மழையில் நம் கொட்டில்களுக்குள் தண்ணீர் வராத வருடம் குறைவு. கால்களைக் கொங்கிரீட் கல்லின் மேல் நிறுத்துங்கள், சுவரிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி வையுங்கள். கறையான் ஏறினால் கண்ணில் படும். மூன்றடிக்கு மேல் இடைவெளி விட்டால் தட்டு நடுவில் தொய்யும், அங்கே ஒரு காலைக் கொடுங்கள். பின்பக்கம் குறுக்காக ஒரு சட்டம் அடிக்காவிட்டால் முழு இறாக்கையும் ஒரு பக்கம் சாயும். பாரமான சாமான் கீழே. இறாக்கையைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் ஏறுவார்கள். கடற்காற்றுக்கு இரும்பு தாங்காது, வாரம் ஒரு தடவை எண்ணெய்த் துணியால் ஆயுதங்களைத் துடைத்து வையுங்கள்.

தொடக்கூடாத சாமான்களும் இருக்கின்றன. பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டை அறுக்கவே வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்குள் போய் வருடக்கணக்கில் இருந்து நோயாக வெளிவரும். எண்ணெய், பெற்றோல் இருந்த பரலைக் கிரைண்டரால் வெட்டுவதும் வெல்டிங் செய்வதும் உயிரோடு விளையாடுவது. வெறும் பரல் என்று நினைப்போம், உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். பழுதான பிரிட்ஜை அலுமாரியாக்குவது நல்ல யோசனைதான், ஆனால் அதன் கதவைக் கழற்றிவிடுங்கள், பிள்ளைகள் உள்ளே ஒளிந்து மூச்சு முட்டிவிடக்கூடாது. கறையானுக்கு என்று கழிவு எஞ்சின் ஒயில் பூசும் பழக்கம் நம்மிடம் உண்டு. தோலுக்கும் கெடுதி, கராஜுக்குள் தீப்பிடிக்கவும் வழி. சாமான் இறக்கும் பலட் பலகை கிடைத்தால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ என்றால் சூடாக்கிப் பதப்படுத்தியது, பாவிக்கலாம். ‘எம்.பி.’ என்றால் மெதைல் புரோமைட் புகையூட்டியது, விட்டுவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சாமான் எங்கிருந்து வந்தது? நெருக்கடி வந்த பிறகு மலிவுச் சாமான் என்ற பெயரில் மின்கம்பி, வடிகான் மூடி, யாரோ வீட்டுக் கேட் எல்லாம் கைமாறுகின்றன. திருட்டு இரும்பில் செய்த இறாக்கையில் பரக்கத் வராது. பள்ளிவாசலில் கழற்றிய மரமென்றால் அது வக்பு சொத்து, நம்பிக்கையாளர் சபை முறைப்படி கொடுத்தால் மட்டுமே வாங்கலாம். பாடசாலைத் தளபாடம் என்றால் அது அரச சொத்து. உடைந்த கதிரையாக இருந்தாலும் பொருட்கணக்கெடுப்பில் கழிக்கப்படாமல் வெளியே எடுக்க எவருக்கும் உரிமையில்லை, எங்களுக்கும்தான்.

சிலர் கேட்டார்கள்: “என்ன சேர், பழைய பலகையில கராஜா? ஊர் என்ன சொல்லும்?”

2004 டிசம்பர் 26ஐ ஊர் மறந்துவிட்டதா? அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மிஞ்சியவர்கள் இடிபாட்டுக்குள் கதவையும் நிலையையும் தகரத்தையும் பொறுக்கித்தான் முதல் கொட்டிலை அடித்தார்கள். நம்மில் பலர் அப்போது பாடசாலைப் பிள்ளைகள், அந்தத் தகரத்தின் கீழிருந்துதான் படித்தோம். அன்று பழசு என்று எவரும் முகம் சுளிக்கவில்லை. இன்று ஒரு நல்ல முதிரைக் கைமரத்தைக் குப்பையில் போடுவது கௌரவம், அதில் இறாக்கை செய்வது வெட்கம் என்றாகிவிட்டது.

குப்பையில் போட்டால் அது எங்கேயும் மறைந்துபோவதில்லை. நம் மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பைமேட்டில் பிளாஸ்ரிக் தின்று எட்டு வருடங்களுக்குள் இருபது யானைகள் அளவில் இறந்துபோனதாக 2022 ஜனவரியில் உலகச் செய்திகளில் வந்தது. அங்கே போகும் வாளியும் பேணியும் நம் வீடுகளிலிருந்தும் போனவைதான். வீண்விரயத்தைப் பற்றி ஜும்ஆவில் கேட்கும்போது சோற்றை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். மரமும் இரும்பும் அதில் அடங்காதா?

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் ஒரு பங்கு குற்றம் இருக்கிறது. கலாசாலையில் கழிவுப் பொருட்களால் கற்பித்தல் சாதனம் செய்து புள்ளி வாங்கியவர்கள் நாங்கள். பாடசாலைக்கு வந்ததும் மறந்துவிட்டோம். 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்தே செயன்முறைத் தொழில்நுட்பத் திறன்கள் என்று ஒரு பாடம் இருக்கிறது. ஆனாலும் எத்தனை பிள்ளைகள் ஒரு தட்டையாவது தம் கையால் செய்து, அதில் பாரம் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள்? பெறுமானத்தை எழுதிப் படித்தவருக்கு மரத்தின் பெறுமானம் தெரியாமல் போவது எங்கள் பிழை.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வீடு உடைப்பவர்கள் டிரெக்டருக்குச் சொல்லுமுன் ஒரு ஓடாவிக்குச் சொல்லுங்கள். கராஜ்காரர்கள் ஒரு வெள்ளிக்கிழமை கடையை மூடி, சாமான்களை அன்றாடம் தேவை, எப்போதாவது தேவை, தேவையே இல்லை என்று மூன்றாகப் பிரியுங்கள். மூன்றாவதை மட்டும் தராசில் ஏற்றுங்கள். பெற்றோர் விடுமுறையில் பிள்ளையை ஒரு நாளாவது ஓடாவியின் பக்கத்தில் நிற்க விடுங்கள்.

அந்தத் தம்பி இன்னும் கட்டார் யோசனையில்தான் இருக்கிறார். அது அவருடைய முடிவு, நாங்கள் தலையிடவில்லை. ஆனால் சென்ற கிழமை போனபோது கராஜ் திறந்திருந்தது. ஒருவர் சைக்கிளோடு நின்றார். தம்பி திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டிப் பதினாலாம் நம்பரை எடுத்தார்.

அவருடைய வாப்பாவின் கப்றை அல்லாஹ் விசாலமாக்குவானாக. நம் அனைவரின் கைத்தொழிலிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.