கருவி செய்யும் கை

தச்சுத் தொழிலுக்கு உளி, வாள், இழைப்புளி முதலிய கருவிகள் இன்றியமையாதவை. அவற்றுள் சிலவற்றையேனும் தன் கையாலேயே செய்துகொள்பவன் தன் தொழிலை நன்கு அறிந்தவன் ஆகின்றான். ஆதலின், மரவேலை பயில்வோர் தொடக்கத்திலேயே கருவி செய்யவும் கற்றல் வேண்டும்.

உளியின் அலகும் வாளின் பற்களும் எஃகால் ஆனவை; அவற்றைக் கடையில் வாங்குதலே தக்கது. ஆனால் உளியின் பிடி, இழைப்புளியின் கட்டை, கொட்டாப்புளி, மூலைமட்டம் ஆகியவற்றை மரத்தாலேயே செய்யலாம். கருவேல், புளி போன்ற உறுதியான மரங்கள் பிடிக்கும் கொட்டாப்புளிக்கும் ஏற்றவை.

கொட்டாப்புளியின் தலையிலுள்ள துளை மேற்புறம் சற்று அகன்றும் கீழ்ப்புறம் குறுகியும் இருத்தல் வேண்டும். பிடியின் மேல்நுனியும் அதற்கேற்பப் பருத்திருக்கும். பிடியை மேலிருந்து கீழாகச் செருகினால், ஓங்கி வீசுந்தோறும் தலை பிடியில் இறுகுமேயன்றிக் கழன்று போகாது. இந்நுட்பத்தை நூலில் மட்டும் படித்தவன் மறத்தல் கூடும். செய்து பார்த்தவன் மறவான்.

ஆலைகள் செய்யும் கருவிகள் மலிவாகக் கிடைக்கும்போது இம்முயற்சி வீண் அன்றோ எனச் சிலர் வினவுவர். காலம் செலவாகும் என்பது உண்மையே. ஆயினும், வாங்கிய கருவியும் பிழையுடையதாக இருத்தல் கூடும். கீழே விழுந்து கோணுதலும் கூடும். அப்பிழையை அறிவது எங்ஙனம்?

மூலைமட்டம் செய்யக் கற்றவன் அதனைச் சோதிக்கவும் கற்றிருப்பான். நேரான விளிம்புடைய பலகையில் மட்டத்தைப் பொருத்தி, அவன் ஒரு கோடு இழுப்பான். பின்பு மட்டத்தைப் புரட்டி வைத்து, கோடு தொடங்கிய இடத்திலிருந்தே மற்றொரு கோடு இழுப்பான். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் மட்டம் செம்மையானது. அவை விலகினால், அவ்விலக்கத்தில் பாதியே மட்டத்தின் பிழை. விலையையும் முத்திரையையும் நம்பி நிற்பவனுக்கு இத்தெளிவு வாய்ப்பதில்லை.

இவ்வுண்மையை உணர்ந்து கற்பித்தவர் ஜேம்ஸ் கிரெனோவ் என்னும் மரக்கலைஞர் (1920–2009). அவர் 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து ஃபோர்ட் பிராக் என்னும் ஊரில், மரவேலைப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அங்குப் பயில வந்தோர் தமக்கு வேண்டிய இழைப்புளிகளைத் தாமே செய்தனர். கட்டையை நீளவாட்டில் மூன்றாக அறுத்து, நடுத்துண்டில் அலகு சாய்ந்து நிற்பதற்கான சரிவை வெட்டி, இரு பக்கத் துண்டுகளையும் மீண்டும் ஒட்டுதல் அவர் காட்டிய முறை. குறுக்கே ஒரு சிறு தண்டும் ஓர் ஆப்பும் அலகை அசையாமல் பிடித்துக்கொள்ளும். மெல்லிய சீவல் சுருண்டு வரும்வரை அலகைத் தீட்டியும் அடிப்பரப்பைச் சமன்செய்தும் பழகியவர்க்கு, எந்த இழைப்புளி கெட்டாலும் அதனைச் சீராக்கும் வழி தெரியும்.

நம் பள்ளிகளில் மரவேலை கற்போர் ஒவ்வொருவரும் ஒரு கொட்டாப்புளியையும் ஒரு மூலைமட்டத்தையும் தாமே செய்வாராக. அவற்றிற்குச் சில மரத்துண்டுகளும் சில நாள் உழைப்பும் போதும். அவற்றால் பெறும் கைத்திறமும், குற்றத்தைத் தானே கண்டு தானே திருத்தும் துணிவும் வாழ்நாள் முழுதும் உடன்வரும்.