அலை கழுவிவிடுமா?

எண்ணூரில் எண்ணெய் கொட்டும்போதெல்லாம் ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது: கடல் பெரிது, அலையே கழுவிவிடும். அறிவியல் இதை ஏற்கவில்லை.

எண்ணெய்ப் படலம் காற்றெழுப்பும் சிற்றலைகளை அடக்கிவிடும். 18ஆம் நூற்றாண்டிலேயே பெஞ்சமின் பிராங்க்ளின், லண்டன் கிளாப்பம் குளத்தில் சிறிது எண்ணெய் ஊற்றி இதைக் கண்டார். செயற்கைக்கோள் ரேடாரில் எண்ணெய்ப் பரப்பு கரிய திட்டாகத் தெரிவதும் இதனால்தான். பேரலைகளோ அடங்குவதில்லை. அவை எண்ணெயின் ஒரு பகுதியைத் துளிகளாக உடைத்து நீருக்குள் அமிழ்த்துகின்றன. அது கண்ணுக்கு மறைகிறதேயன்றி ஒழிவதில்லை. கனத்த எரியெண்ணெய் அலையில் கடையப்பட்டு, நீரை ஏற்று, மூன்று நான்கு மடங்கு பெருத்த கருங்குழம்பாகிறது. ஆகவே முதல் சில மணி நேரமே முக்கியம்.

அந்த நேரத்தில் நடந்தது என்ன? 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றே துறைமுக நிர்வாகம் முதலில் அறிவித்தது. அலை அந்த அறிவிப்பை மதிக்கவில்லை. கரையொதுங்கிய குழம்பின் முன் உறிஞ்சு இயந்திரங்கள் திணறின. தொழிலாளரும் மீனவரும் மாணவரும் வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மணலியிலிருந்து வந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தை நிறைத்தது. சென்னை பெட்ரோலியம் நிறுவன வளாகத்தின் குறைபாடுகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சுட்டியது. பொதுத்துறை என்பதால் பொறுப்பு குறையாது, கூடும்.

கோலார் தங்கவயல் தமிழர்களாகிய நமக்கு இது அயலார் துயரன்று. சுரங்க லாபம் நெடுங்காலம் லண்டன் பங்குதாரர்களுக்குப் போயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு முறையில் தங்கம் பிரித்த பின் கொட்டிய கழிவு மணல்மேடுகள் நம்மிடம் எஞ்சின. அங்கே அலை செய்வதை இங்கே காற்று செய்கிறது: கழிவைக் கிளப்பி உழைப்பாளியின் வீட்டுக்குள் சேர்க்கிறது. லாபத்தைத் தனதாக்கி, கழிவை இயற்கையிடமும் ஏழையிடமும் தள்ளுவதே முதலாளித்துவத்தின் கணக்கு.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. எண்ணெய் கொட்டினால் அந்த மணியிலேயே உண்மையை அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு துறைமுகத்திலும் மிதவைத் தடுப்புகளும் பயிற்சி பெற்ற தொழிலாளரும் ஆயத்தமாக இருக்க வேண்டும். மாசுபடுத்தியவரே மீனவரின் முழு இழப்பையும் ஈடுசெய்ய வேண்டும். தங்கவயலின் மணல்மேடுகளை அரசு பாதுகாப்பாக மூட வேண்டும். அலையும் காற்றும் இதைச் செய்யா. அமைப்பாகத் திரண்ட உழைக்கும் மக்களே செய்விக்க முடியும்.