அறுவைக்குக் காப்பீடு, ஓய்வுக்குக் கைவிரிப்பு

குடலிறக்க அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளியின் கையில் தரப்படும் சீட்டில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: கனமான பொருளைத் தூக்கக் கூடாது. வங்கி எழுத்தருக்கு அது ஓர் அறிவுரை. தில்லி ஆசாத்பூர் மண்டியில் மூட்டை சுமப்பவருக்கோ அது வேலைநீக்க உத்தரவு. இருவருக்கும் ஒரே நோய், ஒரே கீறல், ஒரே தையல். முன்னவர் ஓரிரு வாரத்தில் நாற்காலிக்குத் திரும்பிவிடலாம். விடுப்புக்குச் சம்பளமும் உண்டு. பின்னவர் நான்கு முதல் ஆறு வாரம் வரை கூலியின்றிக் கிடக்க வேண்டும். ஓய்வின் நீளத்தைக் காயம் மட்டும் தீர்மானிப்பதில்லை, தொழிலும் தீர்மானிக்கிறது. இந்த எளிய உண்மையைக் காண மறுத்தே இந்நாட்டின் சுகாதாரக் காப்பீட்டுத் திட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன.

குடலிறக்கம் அரிய நோயன்று. ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 27 பேருக்கும் பெண்களில் 3 பேருக்கும் வாழ்நாளில் ஒருமுறையேனும் தொடையிடுக்குக் குடலிறக்கம் ஏற்படக்கூடும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. அதற்கான அறுவையின் செலவைக் குறைத்ததில் இந்திய மருத்துவர்களின் பங்கு பெருமைக்குரியது. மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சா என்னும் சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், விலையுயர்ந்த செயற்கை வலைக்குப் பதிலாகக் கிருமி நீக்கிய கொசுவலைத் துணியையே பயன்படுத்தலாம் என்று காட்டி, 2003இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். உகாண்டாவில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வும், மலிவு வலை விலையுயர்ந்த வலைக்குச் சளைத்ததல்ல என்று உறுதிசெய்தது. அறுவையின் விலையைக் குறைக்க இவ்வளவு அறிவு செலவிடப்பட்டிருக்கிறது. குணமடைவதன் விலையோ இன்றும் ஏழையின் தலையிலேயே சுமத்தப்படுகிறது.

2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. சேர்க்கைக்கு முந்தைய 3 நாள்களும், வீடு திரும்பிய பின் 15 நாள்களும் மருந்துக்கும் பரிசோதனைக்கும் கணக்கில் வருகின்றன. அந்நாள்களில் இழக்கும் கூலி மட்டும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இழந்த ஊதியத்தை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கை இந்நாட்டுக்குப் புதிதா என்றால், அதுவுமில்லை. 1948ஆம் ஆண்டிலேயே சட்டமாக்கப்பட்ட தொழிலாளர் அரசு காப்பீட்டின் கீழ் வரும் தொழிலாளிக்கு, நோயுற்ற காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தின் 70 விழுக்காடு கிடைக்கிறது. ஆலைத் தொழிலாளிக்கு நியாயமான ஒன்று, சுமைதூக்கிக்கு எப்படிச் சலுகையாகும்?

நிலையான முதலாளி இல்லாதவர்களைப் பதிவு செய்வது இயலாது என்று சொல்லப்படுகிறது. மகாராஷ்டிரம் 1969இல் மதாடித் தொழிலாளர் சட்டத்தையும், கேரளம் 1978இல் சுமைத் தொழிலாளர் சட்டத்தையும் இயற்றின. பல கடைகளுக்கு மாறிமாறிச் சுமப்பவர்களையும் பதிவு செய்து நலத்திட்டங்களுக்குள் கொண்டுவர முடியும் என்பதை அவை எப்போதோ மெய்ப்பித்துவிட்டன. இல்லாதது வழியன்று, மனமே.

இனி, மறைந்து நிற்கும் இன்னொரு செலவு. அறுவைக்கு முன் புகைப்பதை நிறுத்த வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். நாள்பட்ட இருமலுக்கும் மலச்சிக்கலுக்கும் மருத்துவம் பார்க்க வேண்டும். இவையெல்லாம் நோயாளியின் பொறுப்பு. மயக்க மருந்து பெற்றவருடன் முதல் 24 மணி நேரமாவது ஒருவர் இருக்க வேண்டும் என்பதோ யாருடைய பொறுப்பு? ‘உடன் ஒருவர் வரட்டும்’ என்று மருத்துவமனை சொல்லும்போது, அந்த ஒருவர் பெரும்பாலும் ஒரு பெண். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் அதற்குச் செலவிடுகின்றனர். ஆண்கள் 97 நிமிடங்கள். அதன்மேல் நோயாளிப் பணிவிடையும் ஏறுகிறது. அவளுடைய நாள்கூலியும் போகிறது. அவளே நோயாளியானால், தண்ணீர்க் குடத்தைத் தூக்க வேண்டாம் என்னும் அறிவுரையைக் குடத்திடம்தான் சொல்ல வேண்டும். பீகாரிலிருந்து தனியே வந்து நகரத்தில் உழைப்பவருக்கோ அந்த ஒருவரும் இல்லை. அறைத் தோழர் ஒருநாள் கூலியை இழந்து உடனிருந்தால் உண்டு.

விளைவு யாரும் ஊகிக்கக்கூடியதே. இடுப்பில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு, வீக்கத்தை உள்ளே தள்ளிவிட்டு, 50 கிலோ மூட்டையைத் தொடர்ந்து சுமக்கிறார் அந்த மனிதர். ‘அறியாமையால் தள்ளிப்போடுகிறார்கள்’ என்று படித்தவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அது அறியாமையன்று, துல்லியமான கணக்கு: ஆறு வாரக் கூலி, வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம். ஆனால் பிதுங்கிய குடல் நெரிபட்டு இரத்த ஓட்டம் நின்றுவிட்டால், திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டிய எளிய அறுவை உயிர்காக்கும் அவசர அறுவையாகிறது. அழுகிய குடலை வெட்டியெடுக்கவும் நேர்கிறது. ஓய்வூதியம் என்றால் முதுமைக்கு மட்டுமே என்று எண்ணும் அரசு, ஓய்வுக்கு ஊதியம் தராமல் மிச்சம் பிடித்ததைவிட அங்கே அதிகம் செலவழிக்கிறது.

இலவசச் சிகிச்சையும் தந்து கூலியும் தந்தால் பொய்க்கணக்கு பெருகும் என்பது வழக்கமான மறுப்பு. அறுவை நடந்ததா என்பதைச் சரிபார்த்தே மருத்துவமனைக்கு அரசு பணம் தருகிறது. மருத்துவமனையை நம்பப் போதுமான அதே ஆவணம், நோயாளியை நம்பப் போதாதா? ஆந்திரப் பிரதேசம் 2019 டிசம்பரில் தொடங்கிய ஆரோக்கிய ஆசரா திட்டம், அரசுக் காப்பீட்டில் அறுவை செய்துகொண்ட ஏழைகளுக்கு ஓய்வுக் காலத்தில் நாளொன்றுக்கு 225 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய் என வழங்க முன்வந்தது. தொகை சிறிது, ஏற்றுக்கொண்ட கொள்கை பெரிது.

கேட்க வேண்டியவை மூன்று. அறுவைக்கான தொகுப்புத் தொகையோடு, தொழிலின் கடுமைக்கேற்ற ஓய்வுக்கால ஊதியமும் சேர்க்கப்பட வேண்டும். உடனிருப்பவர் இழக்கும் கூலிக்குக் குறைந்தது சில நாள்களுக்காவது ஈடு வேண்டும். தனித்து வாழ்வோரை வீடு தேடிச் சென்று பார்க்க உள்ளாட்சிகள் பணியாளர்களை அமர்த்த வேண்டும். கேரளத்தில் நோய்த்தணிப்புப் பராமரிப்பை உள்ளாட்சிகள் இவ்வாறே இல்லங்களுக்குக் கொண்டுசெல்கின்றன. அதுவரை, ‘ஓய்வெடுங்கள்’ என்று எழுதித் தரப்படும் சீட்டு, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காத மருந்துக்கான சீட்டாகவே இருக்கும்.