மேளக்காரருக்கு ஒரு நாற்காலி

அண்மையில் புளியங்கூடலில் ஒரு கோவில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். எந்தக் கோவில் என்று எழுதப்போவதில்லை. தீவகத்தில் மட்டுமன்றிக் குடாநாட்டிலும் இதுவே வழக்கமாகி வருவதால், ஒன்றை மட்டும் சுட்டுவது நியாயமாகாது.

சுவாமி வெளிவீதி வந்துகொண்டிருந்தார். நாதஸ்வரக்காரர் மல்லாரியை முடித்து ஆலாபனையைத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி அலறியது. அன்றைய உபயகாரரின் பெயர், அவர் வாழும் நாடு, பிள்ளைகளின் பெயர்கள், நடுவே இறுவட்டுப் பக்திப் பாடல். வித்துவான் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசாமல் நின்றார். அவருடைய பெயரை ஒலிபெருக்கி கடைசிவரை சொல்லவில்லை.

இது யாழ்ப்பாணத்தில் நடக்கிறது என்பதுதான் வெட்கம். தவிலில் தமிழ்நாட்டையே வியக்கவைத்த தெட்சணாமூர்த்தி இந்த மண்ணின் பிள்ளை. 1975 இல் அவர் மறைந்த பின்னரும் அங்குள்ள தவில் வித்துவான்கள் அவர் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றது. அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரம் கேட்க இரவிரவாக வீதியில் குந்தியிருந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது.

பணம் இல்லை என்று எவரும் சொல்லமுடியாது. 1990 இல் தீவகத்தை விட்டு ஓடியவர்கள் பலர் இன்று கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் கோபுரங்கள் எழுகின்றன. ஊர்ப்பற்று என்று அதை மெச்சுகிறேன். ஆனால் அந்தக் கோபுரத்தின் கீழே நின்று வாசிக்க, இருபது வருடங்களுக்குப் பிறகு யார் இருப்பார்கள்?

கலைஞர்களைக் கௌரவிக்கிறோமே என்பார்கள். உண்மைதான். பெயர்பெற்ற சிலருக்குப் பொன்னாடையும் பதக்கமும் விமானச் சீட்டும் கிடைக்கின்றன. ஊர்க் கோவிலில் நாள்தோறும் வாசிப்பவருக்கோ களைத்துவிட்டால் உட்கார ஒரு நாற்காலியும் இல்லை.

1931 இல் வட இலங்கைச் சங்கீத சபை தோன்றியது. 1960 இல் மருதனார்மடத்தில் இராமநாதன் சங்கீதக் கல்லூரி எழுந்தது. இவற்றால் வாய்ப்பாட்டும் வீணையும் வயலினும் மிருதங்கமும் நடுத்தர வீடுகளுக்குள் வந்தன. நாதஸ்வரமும் தவிலும் வரவில்லை. அவை பெரும்பாலும் தகப்பனிடமிருந்து மகனுக்கு என்றே நின்றுவிட்டன. புலம்பெயர் நாடுகளிலிருந்து எனக்கு எத்தனையோ அரங்கேற்ற அழைப்பிதழ்கள் வந்திருக்கின்றன. நாதஸ்வர அரங்கேற்றத்துக்கு ஒன்றேனும் வந்ததில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும், சாதி. வாத்தியம் மங்களமானது, ஆனால் நம் பிள்ளை அதைத் தொடக்கூடாது என்ற இரட்டை நாக்கை இனியாவது ஒப்புக்கொள்வோம்.

பத்திரிகைக்காரனான நானும் குற்றவாளிதான். எத்தனையோ திருவிழாச் செய்திகளில் உபயகாரரின் பெயரைத் தவறாமல் போட்டேன். மேளக்காரரை 'மேளவாத்திய சகிதம்' என்ற இரு சொற்களுக்குள் அடக்கினேன்.

பரிகாரம் பெரிய காரியமல்ல. மேளம் வாசிக்கும்போது ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். திருவிழா விளம்பரத்தில் கலைஞர்களின் பெயரை அச்சிடுங்கள். கோபுரத்துக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்கை, சாதி பாராமல் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாதஸ்வரமும் தவிலும் கற்பிக்கும் ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள்.

அதுவும் உபயந்தான். விரும்பினால் அதற்கு மட்டும் உங்கள் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லட்டும். நான் குறை சொல்லமாட்டேன்.