கோடைக்கு ஒரு குரோஷா சட்டை

பங்குனி பிறந்துவிட்டால் மயிலாப்பூரில் வெயில் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. காலை பத்து மணிக்குத் தெற்கு மாட வீதியில் கறிகாய் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதற்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டு விடுகிறது. "கையால் பின்னிய லேஸ் டாப் ஒன்று போட்டுக்கொள்ள ஆசை. நம் ஊர் வெயிலுக்கு அது சரிப்பட்டு வருமா?" என்று வாசக சகோதரிகள் சிலர் கேட்கிறார்கள். பேஷாகச் சரிப்பட்டு வரும். ஆனால் நான் செய்தது போல் செய்தால் வராது. ஆகையால் முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் தியாகராய நகரில் ஒரு கடையில் வெளிர் நீலத்தில் அழகான நூல் உருண்டைகளைப் பார்த்தேன். தொட்டால் பூப்போல் இருந்தது. 'உல்லன்' என்றார்கள், வாங்கிவிட்டேன். ஒரு மாதம் பின்னி, அறுபத்துமூவர் உற்சவத்தன்று அதை அணிந்துகொண்டு மாட வீதியில் போய் நின்றேன். கபாலீசுவரர் வருவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. உல்லன் என்று நம் கடைகளில் விற்பதில் பெரும்பாலும் ஆட்டு ரோமமே கிடையாது. அக்ரிலிக் என்ற செயற்கை இழை. ஈரத்தை அது உறிஞ்சாது. நூறு கிராம் பஞ்சு நூல் காற்றிலுள்ள ஈரத்தில் ஏழெட்டு கிராமைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். அக்ரிலிக் இரண்டு கிராம்கூட வாங்காது. வேர்வை போக வழியில்லாமல் உடம்போடு நின்றுவிடும்.

புத்தி வந்து, அடுத்த வருஷம் பருத்தி நூலில் பின்னினேன். சட்டை பிரமாதமாக அமைந்தது. தோய்த்து, ஈரத்தோடு கொடியில் மாட்டினேன். மாலையில் எடுத்துப் பார்த்தால் இடுப்பளவு இருந்த சட்டை முழங்காலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது! பின்னல் துணிக்கு நெய்த துணிபோல் பாவும் ஊடும் கிடையாது. நீரின் கனத்தில் கண்ணிகள் கீழ்நோக்கி நீண்டுவிடும்.

இரண்டு தடவையும் நான் செய்யத் தவறியது ஒரே காரியம்தான். நாலங்குலத்துக்கு நாலங்குலம் ஒரு மாதிரிச் சதுரம் பின்னிப் பார்க்கவில்லை. பாட்டர்ன் புத்தகங்களிலெல்லாம் முதல் வரியிலேயே அது இருக்கிறது. நாம்தான் அவசரத்தில் அந்த வரியைத் தாண்டி விடுகிறோம்!

முதலில் நூல். பருத்தியிலேயே மெர்சரைஸ் செய்த நூலாக வாங்குங்கள். ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1850-ல் உரிமை பெற்ற முறை அது. காஸ்டிக் சோடாவில் நனைத்தால் பஞ்சு இழை உப்பி உருண்டையாகிறது, பலமும் கூடுகிறது, சாயமும் நன்றாகப் பிடிக்கிறது. பிற்பாடு அதை இழுத்துப் பிடித்தபடி நனைத்தபோதுதான் பட்டுப் போன்ற பளபளப்பு வந்தது. நூலின் நம்பர் ஏற ஏற இழை மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். 40-ஆம் நம்பர் கைக்குட்டை ஓரத்துக்கு அழகு. சட்டைக்கு அதை எடுத்தால் அடுத்த பங்குனிக்குத்தான் முடியும். நான் எடுப்பது 10-ஆம் நம்பர் நூலும் 2 மில்லிமீட்டர் ஊசியும். விரிப்புப் பின்னுகிறவர்கள் இதே நூலுக்கு இன்னும் மெல்லிய ஊசி எடுப்பார்கள். நமக்குத் துணி துவண்டு விழ வேண்டும் அல்லவா? அதனால் ஊசி சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும்.

பின்னல், எல்லாரும் அறிந்த கட்டப் பின்னல்தான். ஒரு ட்ரெபிள், இரண்டு சங்கிலி, இரண்டு கண்ணி விட்டு மறுபடி ஒரு ட்ரெபிள். ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணிக்குள் விட்டு இழுத்து, இரண்டிரண்டாக இரு தடவையில் முடிப்பதைத்தான் ட்ரெபிள் என்கிறேன். அமெரிக்கப் புத்தகங்களில் இதற்கே டபிள் குரோஷா என்று பெயர். பாட்டர்ன் எந்த நாட்டுச் சரக்கு என்று பார்க்காமல் ஆரம்பித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

சதுரத்துக்கு 41 சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து எட்டாவது சங்கிலியில் முதல் ட்ரெபிள். வரிசை முடிவில் 12 கட்டங்கள் கிடைக்கும். திரும்பும்போது 5 சங்கிலி. பிறகு ட்ரெபிளின் தலைமேல் ட்ரெபிள். என் கைக்கு 13 வரிசையில் நாலங்குலம் வந்தது. உங்கள் கை இறுக்கமானால் 14 ஆகலாம். தளர்ந்த கையானால் 12. அதைத் தெரிந்துகொள்ளத்தானே இதைப் பின்னுகிறோம்!

பின்னி முடித்ததும் அதைத் தோய்த்துப் பிழியாமல், துவாலையில் வைத்து ஒற்றி, நிழலில் கிடத்தி உலர்த்துங்கள். உலர்ந்த பிறகு அளந்து பாருங்கள். அதற்கு மேலும் ஒரு பரீட்சை உண்டு. ஒரு நாள் பிற்பகல் அடுப்பங்கரை வேலை முடியும்வரை அதைத் தோளருகில் ரவிக்கைக்குள் செருகி வைத்துக்கொள்ளுங்கள். அரிக்கிறதா, நசநசக்கிறதா என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். என்னுடைய நீல நூலை இப்படி ஒரு நாள் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு மாத உழைப்பு மிஞ்சியிருக்கும்.

இனிச் சட்டைக்கு வருவோம். மார்பளவு 36 அங்குலம் என்றால் அதோடு 4 அங்குலம் தளர்ச்சி சேருங்கள். லேஸ் சட்டை உடம்பைப் பிடித்தால் துளைகள் இருந்தும் பயனில்லை. காற்று உள்ளே நடமாட இடம் வேண்டும். மொத்தம் 40, முன்புறம் 20, பின்புறம் 20. அங்குலத்துக்கு 3 கட்டம் வீதம் 60 கட்டம். சங்கிலிக் கணக்குச் சுலபம்: கட்டத்தை மூன்றால் பெருக்கி ஐந்தைக் கூட்டுங்கள். 185 வருகிறது. உயரம் 21 அங்குலத்துக்கு ஏறக்குறைய 68 வரிசை. முன்புறத்தில் மட்டும் கடைசி 8 வரிசைகளைப் பக்கத்துக்கு 17 கட்டமாகப் பிரித்துப் பின்னினால், நடுவிலுள்ள 26 கட்டம் கழுத்தாகிவிடும். தோள்களை இணையுங்கள். கைக்கு 8 அங்குலம் விட்டுப் பக்கங்களைச் சேர்த்துக்கொண்டு வந்து, அடியில் 3 அங்குலம் திறந்து விடுங்கள். கழுத்திலும் கையிலும் நம் டபிள் குரோஷா ஒரு வரிசை ஓட்டிவிட்டால் விளிம்பு தொங்காது. தனியாகக் கை பின்ன வேண்டியதில்லை. அகலமே தோளில் சரிந்து கையாகிவிடும். பூ, மயில், அன்னம் எதுவும் வேண்டாம். கட்டங்களை அடைத்து அடைத்துத்தானே அந்த உருவங்கள் வருகின்றன? அடைத்த ஒவ்வொரு கட்டமும் ஒரு ஜன்னலைச் சாத்தியது போலத்தான்.

உள்ளே போட்டுக்கொள்ள மெல்லிய மல் துணியில் கையில்லாத ஷிம்மி தைத்துக்கொள்ளுங்கள். நைலான் ஷிம்மிக்கு மேல் பருத்தி லேஸ் போடுவது குடையைப் பிடித்துக்கொண்டு நிலாக் காய்வது மாதிரி. கஞ்சியும் கூடாது. ரேடியோப் பெட்டிமேல் விரித்த விரிப்புக்குக் கஞ்சி போட்டார்கள், சரி. ரேடியோவுக்கு வேர்க்காதே!

நம் ஊர்ப் பெண்களுக்குக் குரோஷா புதிதல்ல. 2016 ஜனவரி 31-ஆம் தேதி, சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழுவினர், தனித்தனியே பின்னிய துண்டுகளையெல்லாம் ஒன்று சேர்த்து, உலகத்திலேயே மிகப் பெரிய குரோஷா கம்பளியைச் சென்னையில் விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். 11,148.5 சதுர மீட்டர். நம் கணக்கில் சொன்னால் சரியாக 50 கிரவுண்டு! மயிலாப்பூரில் அரை கிரவுண்டுக்கே அலைகிறவர்கள் பெருமூச்சு விடலாம். கம்பளியே தேவைப்படாத ஊரில் இப்படி ஒரு கம்பளி என்பதுதான் இதில் வேடிக்கை. ஆனால் எத்தனையோ பேர் தத்தம் வீட்டில் பின்னிய துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால் அளவு பிசகக் கூடாது. அங்கேயும் அளவுக்குத்தான் முதல் மரியாதை.

இந்தச் சதுரத்தால் இன்னொரு கணக்கும் கிடைக்கிறது. அதை எனக்கு உணர்த்தியது எங்கள் பக்கத்துப் போர்ஷன் மாமி.

மாமி கைக்காரி. எனக்கு ஒரு சதுரத்துக்கு 35 நிமிஷம் ஆனால் அவருக்கு 30 தான். நான் இப்போது விவரித்த அதே அளவில் வெள்ளைச் சட்டை ஒன்றைப் பின்னி, தெரிந்தவர் ஒருவருக்கு விற்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஐந்நூறு ரூபா கொடுத்தாடி! நூலுக்கு இருநூத்தி அறுபதுதான் ஆச்சு. மிச்சமெல்லாம் லாபம்."

"எத்தனை மணி நேரம் பின்னினேள், மாமி?"

"அதை யார் எண்ணினா? சீரியல் பார்த்துண்டே பின்னினதுதானே. அதுக்கு என்ன கூலி?"

நான் காகிதத்தை எடுத்தேன். இரண்டு பக்கமும் சேர்ந்து 840 சதுர அங்குலம். மாதிரிச் சதுரம் 16. வகுத்தால் ஐம்பத்திரண்டரை. சதுரத்துக்கு அரை மணி வீதம் 26 மணி நேரத்துக்கு மேல். இணைக்கவும் விளிம்பு கட்டவும் நாலு மணி. ஆக மொத்தம் 30 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியின் லாபம் 240 ரூபாய். மணிக்கு எட்டு ரூபாய்! ஒரு டம்ளர் காப்பி குடிக்க மாமி மூன்று மணி நேரம் பின்ன வேண்டும்.

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை.

இது மாமியோடு போகிற விஷயமல்ல. ஆந்திராவில் கோதாவரிக் கரைப் பக்கம் நரசாபுரம் என்ற ஊர் இருக்கிறது. 1844-ல் ஸ்காட்லாந்து மிஷனரிகளான மாக்ரே தம்பதியர் அங்கே குரோஷா லேஸைக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்கிறார்கள். வீடுதோறும் பெண்கள் பின்னிய லேஸ் கப்பலேறி வெளிதேசம் போயிற்று. 2024-ல் நரசாபுரம் லேஸுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அந்தப் பெண்களோடு பழகி எழுதிய புத்தகம் 1982-ல் வெளிவந்தது. அவர் கண்டது என்ன தெரியுமா? பொழுதெல்லாம் பின்னிய அந்தப் பெண்களை ஒருவரும் தொழிலாளி என்று எண்ணவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் குடும்பப் பெண்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்று சொல்லியே கூலியை அடிமட்டத்தில் வைத்திருந்தார்கள். நம் மாமி சொன்ன "அதுக்கு என்ன கூலி?" என்ற வார்த்தையை அங்கே ஒரு வியாபாரமே நம்பியிருந்தது.

கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்பீர்கள். தறியிலும் பின்னல் யந்திரத்திலும் லேஸ் போன்ற துணி வருகிறது, வாஸ்தவம். ஆனால் அசல் குரோஷாவைப் பின்ன இன்றுவரை யந்திரம் வரவில்லை. கடையில் தொங்குவது உண்மையான குரோஷாவானால், எங்கோ ஒரு பெண் அந்த முப்பது மணி நேரத்தை உட்கார்ந்து பின்னியிருக்கிறாள். சீட்டில் 400 ரூபாய் என்று பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் கை நீளுவதில்லை.

வீட்டு மனிதர்களுக்குப் பின்னினால் கணக்கு வேண்டாம். ஆசைக்கு விலை ஏது? விற்பதற்குப் பின்னினால் மட்டும் மாதிரிச் சதுரத்தைத் தொடங்கும்போது கடிகாரத்தைப் பாருங்கள், முடித்ததும் பாருங்கள். அந்த நிமிஷத்தைச் சதுரத்தோடு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் குத்தி வையுங்கள். நூலையும் அதிலேயே கணக்கிடலாம். என் சதுரம் இரண்டரை கிராம். ஐம்பத்திரண்டரைச் சதுரத்துக்கு 131 கிராம். விளிம்புக்கும் சேதத்துக்கும் சேர்த்து 150 கிராமாக வாங்கிவிடுங்கள். எல்லா உருண்டையிலும் லாட் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து ஒரே தடவையில் வாங்குவது நல்லது. வெள்ளையில்கூட இரண்டு வெள்ளை உண்டு.

போன வாரம் அடையாறிலிருந்து ஓர் அம்மாள், அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்று மாமியிடம் கேட்டார். மணிக்கு 50 ரூபாய் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். "ஐம்பதா! அடிப் பாவி, கொள்ளையடிக்கச் சொல்றயே" என்று மாமி இரண்டு நாள் என்னோடு சண்டை போட்டிருந்தார். ஆனாலும் போனில், "ஆயிரத்து எழுநூத்தி அறுபது ஆகும். நூலும் அதிலேயே சேர்த்தி" என்று குரல் நடுங்காமல் சொல்லிவிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் அந்த அம்மாள்.

இன்னும் சொல்லவில்லை. மாமியும் காத்திருக்கவில்லை. பெங்களூரிலிருக்கும் மருமகளுக்கு இளமஞ்சளில் ஒன்று ஆரம்பித்துவிட்டார். மார்பளவு 38, பக்கத்துக்கு 63 கட்டம். நான் இதை எழுதும்போது அவருடைய மாதிரிச் சதுரம் எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவான கைப்பிடிச் சுவரின்மேல், துவாலையில், நிழலில், கிடந்த வாக்கில் உலர்ந்துகொண்டிருக்கிறது. அதன் ஓரத்தில் குத்தியிருக்கும் காலண்டர் துண்டில் மாமியின் கையெழுத்து: '28 நிமிஷம்.'