பழைய படம்... பெட்டிக்குள் தூங்கும் பணம்!

சேலம்

மஞ்சக்குட்டையில் இருந்து ஏற்காடு வந்து, அங்கே சேலம் பஸ் பிடிக்கிறார்கள். மலை இறங்கி ஊருக்குள் நுழையும்போது ரோட்டோரம் ஒரு வளைவு தெரியும். "மாடர்ன் தியேட்டர்ஸ்" வாசல் அது. ஸ்டூடியோ போய்விட்டது. வாசல் மட்டும் நிற்கிறது.

டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய இந்த நிறுவனம் 100-க்கு மேல் படம் எடுத்தது. 1950-ல் "மந்திரிகுமாரி". 1956-ல் "அலிபாபாவும் 40 திருடர்களும்". தமிழில் முதல் முழுநீளக் கலர் படம் அதுதான். இரண்டிலும் எம்.ஜி.ஆர். கதாநாயகன்.

இந்தப் படங்களில் இன்னும் காசு இருக்கிறதா?

இருக்கிறது! 1964-ல் வந்த "கர்ணன்" படத்தைச் சுத்தம் செய்து 2012-ல் மீண்டும் திரையிட்டார்கள். 100 நாளைத் தாண்டியது. 1965-ல் வந்த "ஆயிரத்தில் ஒருவன்" 2014-ல் வந்தது. அதுவும் வெள்ளிவிழா கண்டது.

28 ரூபாய் பாடம்

அது தியேட்டர் கதை. வீட்டுக் கதை என்ன? 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும், டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றது. பழைய படங்கள் மளிகைச் சாமான் மாதிரி கடைக்கு வந்தன. விலை குறைந்தால் பழசுக்கும் ஆள் உண்டு என்று தெரிந்தது.

இப்போது படம் செல்போனுக்கே வருகிறது. சந்தாவிலும் காசு, விளம்பரத்திலும் காசு.

"அதுதான் ஓசியிலேயே கிடைக்குதே, எவன் காசு கொடுப்பான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

சட்டப்படி படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டு போக 60 ஆண்டுதான். "மந்திரிகுமாரி"க்கு அது 2010-லும், "அலிபாபா"வுக்கு 2016-லும் முடிந்தது. பாட்டு, வசன உரிமை தனிக் கணக்கு. ஆகவே பத்திரத்தை வைத்துக்கொண்டு இனிப் பணம் பார்க்க முடியாது.

பிறகு எதற்குப் பணம்? பளிச்சென்ற படத்துக்கு! இரைச்சல் இல்லாத வசனத்துக்கு! ஓசியில் வருவது மங்கல் காப்பி. கோடு விழுந்த முகம். நல்ல காப்பி எடுக்க மூலச்சுருள் வேண்டும்.

புளித்த வாடை

அந்தச் சுருள் பத்திரமாக இருந்தால்தானே? வெயிலும் ஈரமும் பட்டால் சுருள் புளித்த வாடை அடிக்கும். சுருங்கும். ஒட்டிக்கொள்ளும். முதல் தமிழ் பேசும் படம் "காளிதாஸ்" 1931-ல் வந்தது. இன்று ஒரு பிரதி கூட இல்லை. எந்த ராஜா வந்தாலும் அதை மீட்க முடியாது.

புனேயில் 1964 முதல் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. பரணில் சுருள் வைத்திருப்பவர்கள் அங்கே கொடுக்கலாம். தமிழக அரசும் சுருள்களைத் தேடிப் பிடித்து, டிஜிட்டலில் ஏற்றப் பணம் ஒதுக்க வேண்டும். போட்ட பணம் ஒரே வாரத்தில் திரும்பாது. ஆனால் ஒருமுறை நன்றாக ஏற்றிவிட்டால், நாளைக்கு எந்தப் புதுப் பெட்டி வந்தாலும் அதிலிருந்து காப்பி எடுத்துக்கொள்ளலாம்.

வளைவுக்கு வெள்ளையடித்தால் மட்டும் போதாது. அந்த வாசலுக்குள்ளே எடுத்த படத்தையும் காப்பாத்தணும்!