அளவெடுத்துச் செய்த கிற்றார்



எங்கள் பக்கத்தில் ஒருவருக்கென்று அளவெடுத்துச் செய்பவை இரண்டுதான். ஒன்று சட்டை. மற்றது செயற்கைக் கால். கத்தி, திருவலை, மண்வெட்டி என்று மிச்சமெல்லாம் கடையில் கிடப்பதை வாங்கி, அதற்கேற்றபடி நாங்கள்தான் வளைந்து கொடுக்கிறோம். இந்த மாதம் மூன்றாவதாக ஒரு பொருளைப் பற்றி எழுதப் போகிறேன். அது ஒரு பேஸ் கிற்றார். சிரிக்க வேண்டாம். 2024 ஆவணியில் நானும் மகளும் மொறட்டுவைக்குப் போய் அதை எடுத்து வந்தோம்.

கலியாண வீட்டிலோ கோயில் திருநாளிலோ இசைக்குழு வாசிக்கும்போது, மேளத்துக்கும் பாட்டுக்கும் நடுவில் நெஞ்சுக்குள் தும் தும் என்று ஒன்று கேட்குமே, அதுதான் பேஸ் கிற்றார். சாதாரண கிற்றாருக்கு 6 தந்தி, இதற்குப் பெரும்பாலும் 4. தந்திகள் தடிப்பானவை, நாதம் ஒரு ஸ்தாயி கீழே இருக்கும். வாசிக்கும்போது ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். நிறுத்திவிட்டால் பாட்டு வெறுமையாகிவிட்டது என்று எல்லோருக்கும் விளங்கும்.

என் மகளுக்கு 2009 பங்குனியில், மாத்தளனில், வயது 6. இடது கையின் சின்ன விரலும் மோதிர விரலும் போய்விட்டன. நடுவிரல் இருக்கிறது, ஆனால் மடங்காது. அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை. உங்களிடமும் அப்படி ஒரு நாள் இருக்கும். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில், பஸ்சில், படம் எடுக்கும்போதெல்லாம் அந்தக் கை சால்வைத் தலைப்புக்குள்ளேயே இருந்தது. எங்களுக்கு இரண்டு முறை தையல் மெசின் தந்தார்கள். தந்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் துணியைத் தள்ளிக் கொடுப்பது இடது கை அல்லவா? ஒருவரும் கையைப் பார்த்துவிட்டுத் தரவில்லை, பட்டியலைப் பார்த்துத்தான் தந்தார்கள்.

கோயில் பாடகர் குழுவில் பேஸ் வாசித்த பெடியன் வெளிநாடு போய்விட்டான். கிற்றார் மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது. விருப்பமான ஆட்கள் எடுத்துப் பழகுங்கோ என்று ஃபாதர் சொல்ல, மகள் எடுத்தாள். வழக்கமாக இடது கை தந்தியை அழுத்த, வலது கை மீட்டும். இவள் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, நல்ல கையால் அழுத்தி, பழுதான கையின் சுட்டுவிரலால் மீட்டினாள். ஒரு விரலால் என்ன வாசிக்கலாம் என்று நான் நினைத்தேன். அமெரிக்காவில் டிட்ராயிட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டுகளில் 1960களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் சுட்டுவிரல் ஒன்றால்தான் மீட்டினாராம். அந்த விரலுக்கே கொக்கி என்று பெயர் வைத்திருந்தார்களாம். மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கரோல் கேய் என்ற பெண்ணைப் பற்றியும் சொன்னாள். லொஸ் ஏஞ்சலிஸில் கிற்றார் வாசித்துப் பிள்ளைகளை வளர்த்தவர். 1963இல் ஒரு ஒலிப்பதிவுக்கு பேஸ்காரர் வராமல் போக, அந்த பேஸைக் கையில் எடுத்தவர் பிறகு அதிலேயே பெயர் பெற்றார்.

ஆனால் திருப்பிப் பிடித்தால் எல்லாம் மாறுபாடு. தடித்த தந்தி கீழே போய்விடும். தந்திகளை இடம் மாற்றிப் போட்டால், தலைப்பக்கத்தில் அவை இருக்கும் பள்ளங்கள் பொருந்தாது. ஒவ்வொன்றும் அந்தந்தத் தந்தியின் தடிப்புக்கு அறுத்தவை. மேல் சுரங்களுக்குக் கை போகவென்று உடம்பில் வெட்டிய பள்ளமும் மறுபக்கம் வந்துவிடும். போதாததற்கு அது நீளம். லியோ ஃபென்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டு வந்த பேஸில் தந்தியின் வாசிக்கும் நீளம் 34 அங்குலம். இன்றைக்கும் அதுவே வழக்கமான அளவு. 30 அங்குலத்திலும் உண்டு. பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி 1961இல் ஹம்பேர்க்கில் வாங்கிய வயலின் வடிவ பேஸ் அந்தச் சின்ன வகைதான். அவர் இடது கைக்காரர். இரு பக்கமும் ஒரே வடிவமாக இருந்ததால் திருப்பிப் பிடித்தாலும் அவலட்சணமாகத் தெரியாது என்றே அதைத் தெரிந்தாராம். 1972இல் களவு போன அந்தக் கிற்றார் 50 வருசத்துக்குப் பிறகு அவரிடம் திரும்பி வந்த செய்தி 2024 மாசியில் வெளிவந்தது. மகள் அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். தொலைந்த சாமான் திரும்பி வந்த கதை எங்களுக்குக் கேட்கக் கிடைப்பது குறைவு.

இடது கைக்கு, சின்ன அளவில், பாரம் குறைந்ததாக ஒன்று வேண்டும் என்று தேடினோம். கடைகளில் இல்லை. கொழும்பிலிருந்து வந்த ஒரு வாத்தியக்காரர்தான் மொறட்டுவைப் பட்டறையைச் சொன்னார். மொறட்டுவை தளபாட வேலைக்கும் பைலாப் பாட்டுக்கும் பேர்போன இடம். இரண்டும் சேர்ந்தால் கிற்றார் செய்கிறவர் அங்கே இருப்பதில் புதினம் இல்லை.

தை மாதம் முதல் தரம் போனோம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. வயதான சிங்களத் தச்சர். தச்சு பாஸ் என்போமே, அந்த பாஸ். பாஸ் செய்யும் பேஸ் என்று மகள் காதுக்குள் சொல்லிச் சிரித்தாள். அவருடைய தமிழும் என்னுடைய சிங்களமும் ஏறக்குறைய ஒரே தரம்தான். நான் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வெளிக்கிட்டேன். எங்கள் பழக்கம் அது, எந்த மேசைக்கு முன்னால் இருந்தாலும் முதலில் கதையைச் சொல்ல வேண்டும். அவர் கேட்கவில்லை. ஒரு பழுப்புத் தாளை வாங்கில் விரித்து, "துவ, இங்க கை வை" என்றார். துவ என்றால் மகள். அவள் சால்வைக்குள்ளிருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரம் சென்றது. அவர் அவசரப்படுத்தவில்லை, பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். பிறகு கையைச் சுற்றிக் கோடு கீறினார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் எவ்வளவு, மணிக்கட்டு எவ்வளவு தூரம் திரும்பும் என்று அளந்து சிங்களத்தில் எழுதினார். எப்படி நடந்தது என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

விலை 170,000 ரூபா, முற்பணம் 70,000. காசின் கதையையும் சொல்லத்தான் வேண்டும். கடன் எடுக்கலாம் என்று போனேன். படிவத்தில் ஆடு, கோழி, தையல், சிறுகடை என்று பெட்டிகள் இருந்தன. கிற்றாருக்குப் பெட்டி இல்லை. இரண்டு சீட்டுக் காசும் முட்டை விற்ற காசும் மகள் கடையில் கணக்கெழுதிச் சேர்த்ததும்தான். பக்கத்து வீட்டு அக்கா, "உந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கலாமே பிள்ளை" என்றா. அவ சொன்னதில் பிழையில்லை. எனக்கும் சில இரவுகளில் அந்த மாடு வந்து முன்னால் நின்றது.

ஏழு மாதத்துக்குப் பிறகு, ஆவணியில், முடிந்துவிட்டது என்று போன் வந்தது. இரவு பஸ்சில் கிளிநொச்சியிலிருந்து போய் விடிய வெள்ளவத்தையில் இறங்கி, தெரிந்த வீடொன்றில் முகம் கழுவிக்கொண்டு 101ஆம் இலக்க பஸ் எடுத்தோம். மொறட்டுவை நெருங்க நெருங்கக் காலி வீதியெங்கும் தளபாடக் கடைகள், வார்னிஷ் மணம். மிச்சக் காசு 100,000 என் சட்டைக்குள் ஒரு துணிப்பையில் இருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

கிற்றார் ஒரு பழைய கம்பளியின் மேல் கிடந்தது. உடம்பு பலா. இடித்த வீடொன்றின் கதவு நிலையில் எடுத்த மரமாம். பலாவை நினைத்தபடி தறிக்க முடியாது, எங்கள் பெண் பனையைப் போல அதற்கும் அனுமதி வேண்டும். பழைய மரம் என்றால் அந்தத் தொல்லையும் இல்லை, நன்றாகக் காய்ந்தும் இருக்கும். மஞ்சள் நிறம், வருசம் போகப் போகக் கறுக்கும் என்றார். கழுத்து மகோகனி, விரல் அழுத்தும் பலகை ஒரு பழைய கட்டிலின் கருங்காலிச் சட்டம். பாரம் கோயில் கிற்றாரைவிட ஒரு கிலோவுக்கு மேல் குறைவு.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளை அவருடைய மருமகள் சுற்றியிருந்தா. தலைமயிரைவிட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான தடவை சுற்ற வேண்டும். இழுவை கூடினால் அறும், குறைந்தால் தளரும். எதில் சுற்றுகிறீர்கள் என்று கேட்டேன். கழற்றி எடுத்த தையல் மெசின் மோட்டரைக் காட்டினா! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்று அவவுக்குச் சொல்ல என் சிங்களம் போதவில்லை. ஃபென்டர் தொழிற்சாலையிலும் இந்த வேலையில் பெண்கள் இருந்தார்கள். அபிகெயில் இபாரா என்பவர் 1956இல் சேர்ந்து, 2013இல் ஓய்வு பெறும் வரை அங்கே வேலை செய்தார். அவர் கையால் சுற்றிய சுருள்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மகள் கிற்றாரைத் தோளில் மாட்டினாள். தந்திகளுக்கு மேலே, மீட்டும் கையின் பெருவிரல் தங்க ஒரு சின்னக் கட்டை ஒட்டி, அதில் ஒரு குழி குடைந்திருந்தார். அவளுடைய பெருவிரல் தேடாமலே போய் அதில் இருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். பார்த்த இடத்தில், சுவர் ஆணியில், தை மாதம் கீறிய அந்தக் கைப்படம் தொங்கியது. மூன்று விரலும் இரண்டு சின்ன மேடும். ஒரு பக்கம் கதிரைக் கால் அச்சு, மறுபக்கம் வயலின் அச்சு. ஏழு மாதமாக, வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்க, அச்சுகளோடு அச்சாக அது அங்கே தொங்கியிருக்கிறது. மகளும் கண்டாள். ஒன்றும் சொல்லவில்லை, தந்தியைச் சுருதி சேர்க்கத் தொடங்கினாள்.

வாசித்துக்கொண்டு போனவள் ஓரிடத்தில் நின்றாள். மூன்றாவது தந்தியில், ஏழாவது கட்டில் அழுத்தினால் கிர் என்றது. "ஐயா, இதில இரையுது" என்றாள். நான் அவளைக் கிள்ளினேன். இவ்வளவு செய்த மனிசனிடம் குறை சொல்வதா? கிடைத்ததற்கு நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போய்த்தானே எங்களுக்குப் பழக்கம். அவள் என் கையை விலக்கிவிட்டு இன்னொரு தரம் சொன்னாள். அவர் கோபிக்கவில்லை. நேர்ச்சட்டம் ஒன்றை வைத்துப் பார்த்தார். எட்டாவது கட்டின் உலோகம் ஒரு மயிரளவு உயர்ந்திருந்தது. ஏழாவதில் அழுத்தும்போது தந்தி அடுத்ததில் உரசியிருக்கிறது. தந்திகளைத் தளர்த்தி, அரத்தால் தேய்த்து, மினுக்கி முடிய ஒன்றரை மணித்தியாலம் சென்றது. மருமகள் எங்களுக்குத் தேத்தண்ணீர் தந்தா.

எதையாவது செய்வித்து எடுக்கும் சகோதரிகள் இதைக் கவனியுங்கள். காசைக் கொடுக்க முதல் பாவித்துப் பார்க்க வேண்டும், அவர்களுக்கு முன்னாலேயே பார்க்க வேண்டும். கிற்றார் என்றால் ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு கட்டிலும் அழுத்திக் கேட்க வேண்டும். பன்னிரண்டாவது கட்டு தந்தியின் சரிபாதி. அங்கே லேசாகத் தொட்டால் வரும் சுரமும் அழுத்தினால் வரும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். கழுத்தை ஒரு கண்ணால் நீளப் பார்த்தால் முறுக்கு இருந்தால் தெரியும். இதையெல்லாம் மகள் செய்தாள், நான் மூலையில் இருந்து கூச்சப்பட்டேன்.

காசை எண்ணிக் கொடுத்தேன். அவரும் ஒரு தரம் எண்ணினார். கழுத்துக்குள் உருக்குக் கம்பி ஒன்று ஓடுகிறது. தந்திகளின் இழுவையில் கழுத்து வளையாமல் பிடிப்பது அதுதான். அதைத் திருப்பும் சாவியைத் தந்து, கால் சுற்றுக்கு மேல் ஒரு நாளும் திருப்பக் கூடாது என்றார். மொறட்டுவை கடற்காற்றின் ஈரத்தில் இருந்த மரம் வன்னி வெயிலுக்குக் கொஞ்சம் அசையுமாம். எங்கள் வீடு தகரக் கூரை என்றேன். "அப்ப கட்டிலுக்குக் கீழ வை" என்றார்.

பெட்டி வாங்கக் காசில்லை. கொண்டுபோன போர்வையில் சுற்றினோம். இரவு பஸ்சில் நடத்துனர் தம்பி கீழே பெட்டிகளோடு போடச் சொன்னார். மகள் மாட்டேன் என்றாள். அப்படியென்றால் மடியில் வைத்திருங்கோ, நடைபாதையில் நீட்டக் கூடாது என்றார். வவுனியா வரை அவள் வைத்திருந்தாள், அதற்குப் பிறகு நான்.

அடுத்த ஞாயிறு பூசையில் வாசித்தாள். ஒலிபெருக்கிப் பெட்டி பழையது, முதல் பாட்டு முழுக்க உம் என்று இரைந்தது. பிறகு யாரோ வயரை மாற்றினார்கள். பூசை முடியப் பக்கத்து வீட்டு அக்கா முன்னுக்கு வந்து, கிற்றாரை விரலால் தட்டிப் பார்த்தா.

"பலாவோ?" என்றா.

ஓம் என்றேன்.

"அப்ப உளுக்காது" என்றா.